உச்சிக்குழியின் வழியே

குறைமாதக் குழந்தையைப் பேணி வளர்த்தெடுப்பது தனியொரு மருத்துவத் தொழிலாக உருப்பெற்று ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அவற்றுள் முதல் நூறு ஆண்டுகளில் அத்தொழில் பெரும்பாலும் வைத்திருந்தது உயிர்க்கணக்கு ஒன்றைத்தான். எத்தனை குழந்தைகள் வந்தன, எத்தனை பிழைத்தன, வாரத்துக்கு எத்தனை கிராம் எடை கூடின என்பவை பதிவேடுகளில் ஒழுங்காக ஏறின. பிழைத்த குழந்தையின் மூளை என்ன ஆயிற்று என்பதற்கு அந்தப் பதிவேடுகளில் பத்தி கிடையாது. இது மருத்துவர்களின் அக்கறைக் குறைவு அன்று. மூடிய மண்டையோட்டுக்குள் எட்டிப் பார்க்க வழி இருக்கவில்லை. மூளையில் நேர்ந்த சேதமோ குழந்தை நிற்கவும் நடக்கவும் எழுத்துக் கூட்டவும் வேண்டிய வயதில்தான் வெளிப்பட்டது. அதற்குள் குழந்தை பிரசவ மருத்துவமனையை விட்டுப் போய், எலும்பு மருத்துவரின் கையிலோ பள்ளி ஆசிரியரின் கையிலோ சேர்ந்திருக்கும். ஆகவே பிழைக்க வைத்தவர்களும் பின்விளைவைக் கண்டவர்களும் வெவ்வேறு ஆட்களாகவே நெடுங்காலம் இருந்தனர்.

கருவுற்று 37 வாரம் நிறைவதற்குள் பிறக்கும் குழந்தையை இன்றைய மருத்துவம் குறைமாதக் குழந்தை என்கிறது. 28 வாரத்துக்குள் பிறப்பவை மிகக் குறைமாதக் குழந்தைகள். வாரக் கணக்கு வருவதற்கு முன்பு மாதக் கணக்கே வழங்கியது, அதிலும் ஒரு விசித்திரமான நம்பிக்கை உலகின் பல பகுதிகளில் ஒன்றுபோல் நிலவியது: ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தது பிழைக்காது என்பது. கிரேக்க மருத்துவரான ஹிப்போக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களில் எட்டு மாதக் குழந்தைக்கென்றே தனிநூல் ஒன்று உண்டு. சரக சம்ஹிதையோ, எட்டாம் மாதத்தில் ஓஜஸ் என்னும் உயிர்ச்சாரம் தாய்க்கும் கருவுக்கும் இடையே நிலைகொள்ளாமல் மாறி மாறிச் செல்வதால் அம்மாதப் பிறப்பு ஆபத்தானது என்று காரணமும் கற்பித்தது. இரண்டுமே தவறு, வயிற்றில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு ஆதாயம்தான். அந்த ஆதாயத்தின் பெரும்பகுதி மூளைக்குப் போகிறது என்பது மட்டும் மிகப் பிந்தித் தெரியவந்தது.

தொழிலின் தொடக்கம் பாரிஸ் நகரில். 1870-71இல் பிரஷ்யாவிடம் தோற்ற பிரான்சில் மக்கள்தொகை குறைந்துவருவது குறித்த அச்சம் அரசியலாகவே மாறியிருந்த காலத்தில், போர்-ரோயால் வளாகத்தில் இருந்த மகப்பேற்று மருத்துவமனையின் தலைவரான ஸ்டெஃபான் டார்னியே, நகரின் விலங்குக் காட்சிச் சாலையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் கருவியைக் கண்டு, அதைச் செய்த ஓடில் மார்ட்டின் என்பவரைக் கொண்டே குழந்தைகளுக்கு ஒரு பெட்டி செய்வித்தார். இரட்டைச் சுவர்களுக்கு இடையே மரத்தூள் அடைத்த மரப்பெட்டி அது. கீழ்த்தட்டில் வெந்நீர்த் தொட்டி, மேல்தட்டில் குழந்தைகள், தலைக்கு மேலே கண்ணாடி மூடி. 1881 வாக்கில் அது பயனுக்கு வந்தது. அதுவரை 2,000 கிராமுக்குக் குறைந்த எடையோடு பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு 66 இறந்துகொண்டிருந்த அந்த மருத்துவமனையில், சில ஆண்டுகளுக்குள் அந்த எண் 38 ஆகக் குறைந்ததாக அறிக்கை வெளிவந்தது. தோலுக்கடியில் கொழுப்பில்லாத குழந்தை தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாது என்ற எளிய உண்மையை ஒரு கோழிக்கூட்டு நுட்பம் சரிசெய்துவிட்டது. உறிஞ்சத் தெரியாத குழந்தைக்கு மெல்லிய ரப்பர்க் குழாய் வழியே வயிற்றுக்குப் பால் இறக்கும் முறையையும் டார்னியேதான் நடைமுறைப்படுத்தினார்.

அவருடைய மாணவர் பியேர் புதேன் இதே மருத்துவமனையில் இன்னொன்றைக் கவனித்தார்: குழந்தையைத் தனிக் கூடத்தில் வைத்துத் தாயை வெளியே நிறுத்தினால், பிழைத்த குழந்தையின் மேல் தாய்க்கு நாட்டம் தேய்ந்துபோகிறது. தாய்மார் வந்து பாலூட்ட வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 1900இல் வெளிவந்த அவருடைய விரிவுரை நூலில் இது இடம்பெற்றது. ஆனால் தொழில் அந்தத் திசையில் போகவில்லை, கண்காட்சித் திடலுக்குப் போயிற்று. நீஸ் நகரத்தின் அலெக்சாந்தர் லியோன், தம் உலோக இன்குபேட்டர்களைக் கடைமுகப்பில் வைத்து, பார்வையாளரிடம் வாங்கிய நுழைவுக் கட்டணத்தால் குழந்தைகளைப் பேணினார்; அதே வழியில் மார்ட்டின் கூனி என்பவர் நியூயார்க்கின் கோனித் தீவு கேளிக்கைப் பூங்காவில் 1903 முதல் 1943 வரை, ஆளுக்கு 25 சென்ட் வாங்கிக்கொண்டு கண்ணாடிக்குள் கிடந்த சிறு குழந்தைகளை ஊருக்குக் காட்டினார். பெற்றோரிடம் அவர் காசு வாங்கியதில்லை. அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர்தானா என்பது ஐயத்துக்குரியது. சுமார் 6,500 குழந்தைகளைக் காப்பாற்றியதாக அவரே சொல்லிக்கொண்டார். அமெரிக்க மருத்துவமனைகளில் இத்தகைய குழந்தைகளுக்கு இடமே இல்லாதிருந்த காலத்தில் அவர் செய்தது பெரும் பணிதான். ஆயினும் கூனியின் கணக்கும் உயிர்க்கணக்கே: தன் கூடத்தில் வளர்ந்த பழைய குழந்தைகளை வரவழைத்து, அவர்கள் உயிரோடு நடமாடுவதைக் காட்டுவது அவருக்குப் போதுமான சான்றாக இருந்தது.

மறுபுறம், மூளையைப் பற்றிய கேள்வி டார்னியேயின் பெட்டிக்கு இருபது ஆண்டுகள் முன்பே லண்டனில் எழுந்துவிட்டது. எழுப்பியவர் வில்லியம் ஜான் லிட்டில் என்னும் எலும்பு மருத்துவர். இளமையில் நோயால் தம் கால் ஒன்று திருகிப்போனதால் கால் ஊனங்களில் ஈடுபாடு கொண்ட அவர், இரு கால்களும் விறைத்து, முழங்கால்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கத்தரிக்கோல் போல் குறுக்கிட நடக்கும் குழந்தைகளைத் தொடர்ந்து கண்டார். அவர்களுடைய பிறப்பு வரலாற்றைக் கேட்டபோது கடினப் பிரசவம், பிறந்ததும் மூச்சு வராமை, குறைமாதப் பிறப்பு ஆகிய மூன்றும் திரும்பத் திரும்ப வந்தன. 1861இல் லண்டன் மகப்பேற்று மருத்துவச் சங்கத்தின் முன் அவர் இதைப் படித்தபோது, தமக்கு முன் இத்தொடர்பைக் குறித்தவராக மருத்துவர் எவரையும் காட்ட இயலாமல், பருவத்துக்கு முன்பே உலகுக்கு அனுப்பப்பட்டதாகப் புலம்பும் ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டைச் சாட்சிக்கு அழைத்தார். ‘லிட்டிலின் நோய்’ என்று பெயர்பெற்ற அந்நிலை இன்று மூளை முடக்குவாதத்தின் ஒரு வகை. மூளையில் வளர்ச்சிக் காலத்தில் ஏற்பட்டு, மேலும் பெருகாமலும் மறையாமலும் நிலைத்துவிடும் சேதத்தால் உடலசைவு பாதிக்கப்படுவதையே மூளை முடக்குவாதம் என்கிறோம். லிட்டிலுக்கு மறுப்புரைத்தவர்களுள் உளப்பகுப்பாய்வுக்கு முந்திய காலத்து நரம்பியல் மருத்துவரான சிக்மண்ட் ஃபிராய்டும் ஒருவர்: பிரசவக் கோளாறே ஏதோ முந்திய கருக்காலக் கோளாறின் விளைவாக இருக்கக்கூடாதா என்று 1897இல் அவர் கேட்டார். கேள்வி கூர்மையானது, அன்றைக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூளையை நேரில் கண்டவர்கள் பிணப் பரிசோதகர்கள் மட்டுமே. 1867இல் பெர்லினின் ருடால்ஃப் விர்ஹோ, இறந்த பச்சிளங்குழந்தைகளின் மூளையில் வெளிறி மென்மையான திட்டுகளைக் கண்டார். சில ஆண்டுகளில் பாரிஸின் ஜூல் பாரோ, அவை குறைமாதக் குழந்தைகளிடம் மிகுதியாக இருப்பதையும், முதிராத வெண்பொருள் தனிப்பட்ட நொய்மை உடையது என்பதையும் சொன்னார். வெண்பொருள் என்பது மூளையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் நரம்பிழைகளின் கட்டு. மேற்பரப்பிலுள்ள நரம்பணுக்களின் அடுக்கான சாம்பல் பொருளுக்கு உள்ளே அது கிடக்கிறது. பாரோ எழுதிய பத்தாண்டுக்குள் அதே நகரில் டார்னியேயின் பெட்டி வந்துவிட்டது. ஆனால் பிணவறையில் தெரிந்தது பெட்டியறைக்கு வந்து சேரவில்லை.

அது வந்து சேராததன் விலை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தெரிந்தது. காற்றுப் புகாத புதிய இன்குபேட்டர்கள் மருத்துவமனைகளுக்கு வந்ததும், நீலம் பாரித்த குழந்தைகளுக்கு ஆக்சிஜனைத் தாராளமாகச் செலுத்துவது வழக்கமாயிற்று; குழந்தைகள் சிவந்தன, சீராக மூச்சுவிட்டன. 1942இல் பாஸ்டனின் கண் மருத்துவர் தியடோர் டெரி, இத்தகைய குழந்தைகளின் கண்ணில் வில்லைக்குப் பின்னே வெண்ணிறத் திசு படர்ந்து பார்வை போவதை விவரித்தார். அடுத்த பத்தாண்டுக்கு மேலாக உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் இவ்வாறு பார்வை இழந்ததாகக் கணக்கிடப்படுகிறது. வசதி மிக்க மருத்துவமனைகளிலேயே நோய் மிகுந்திருந்தது என்பதுதான் இதில் உறுத்தும் செய்தி. 1951இல் மெல்போர்னின் கேட் கேம்ப்பெல் ஆக்சிஜனைச் சுட்டினார். 1953-54இல் அமெரிக்காவின் 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய சோதனை அதை உறுதிசெய்தது. விழித்திரையும் மூளையின் நீட்சியே ஆதலால், மிகை ஆக்சிஜன் வளரும் மூளைத் திசுவைக் கெடுப்பது உயிருள்ள குழந்தையில் கண்கூடாகத் தெரிந்த முதல் நிகழ்வு இது என்று சொல்வதில் பிழையில்லை.

கதை அதோடு முடியவில்லை. பாடம் கற்றுக்கொண்ட மருத்துவமனைகள் ஆக்சிஜன் அளவை 40 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றுவதில்லை என்று கண்டிப்பாக இருந்தன. கண்கள் தப்பின; ஆனால் நுரையீரல் முதிராத குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்தன, பிழைத்தவற்றில் கால் விறைத்த குழந்தைகள் கூடினர் என்று 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஒப்பீடு வந்தது. 1973இல் கென்னத் கிராஸ் என்ற ஆய்வாளர் போட்ட கணக்கு மருத்துவ உலகை அதிரவைத்தது: பார்வை காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ஏறத்தாழ 16 குழந்தைகள் உயிரிழந்திருக்கலாம். மிகுதியால் கண் போயிற்று, குறைவால் உயிரும் மூளையும் போயின. நடுவே எந்த அளவு சரி என்பதைக் கண்டறிய, குழந்தையின் தோல்மேல் ஒட்டி இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் கருவி வரும்வரை வழியே இல்லை. அக்கருவி வந்த பிறகும்கூட, 2010இல் வெளியான பெரிய அமெரிக்கச் சோதனையில் ஆக்சிஜன் செறிவை 85-89 விழுக்காட்டில் வைத்த குழுவில் கண்நோய் பாதியாகக் குறைந்தும் இறப்பு கூடியும் காணப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நிலவிய வேறு இரு பழக்கங்களும் மூளையையே தாக்கின. தொற்று வராமலிருக்கப் பென்சிலினோடு சல்ஃபா மருந்தும் கொடுப்பது வழக்கமாயிருந்த நியூயார்க் மருத்துவமனை ஒன்றில், வில்லியம் சில்வர்மன் 1950களில் அதை வேறொரு மருந்தோடு ஒப்பிட்டபோது, சல்ஃபா பெற்ற குழந்தைகள் அதிகம் இறந்ததும், அவற்றின் மூளையின் அடிப்பகுதி மஞ்சள் சாயம் தோய்ந்ததுபோல் இருந்ததும் தெரிந்தன. காமாலைக்குக் காரணமான பிலிருபின் என்னும் நிறமியை இரத்தப் புரதம் பற்றிவைத்திருக்கிறது. அந்த இடத்தைச் சல்ஃபா பிடித்துக்கொண்டதால், விடுபட்ட பிலிருபின் மூளைக்குள் நுழைந்துவிட்டது. மற்றது பட்டினி. பால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்ற அச்சத்தால், பிறந்து மூன்று நாள் வரையிலும் குறைமாதக் குழந்தைக்கு எதுவும் கொடாமல் வைப்பது 1940களிலும் 50களிலும் நல்ல மருத்துவமாகக் கருதப்பட்டது. சர்க்கரையைச் சேமித்துவைக்கக் கல்லீரலில் இடமில்லாத குழந்தைக்கு மூன்று நாள் என்பது நீண்ட காலம். லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் பமேலா டேவிஸ் உள்ளிட்டோர் முதல் நாளிலேயே பாலூட்டத் தொடங்கி, உடற்சூட்டையும் கவனித்துக் காத்தபோது, லிட்டிலின் நோய் அங்கே வெகுவாகக் குறைந்ததை 1970களில் பதிவுசெய்தனர். நூற்றாண்டு காலம் குறைமாதத்தின் விதி என்று எண்ணப்பட்டதில் ஒரு பங்கு பராமரிப்பின் பிழையாக இருந்திருக்கிறது.

இவ்வளவும் நிகழ்ந்த வாரங்களில் மூளை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 24 வாரக் கருவின் மூளை மேற்பரப்பு உரித்த பாதாம் பருப்புபோல் பெரும்பாலும் வழவழப்பாக இருக்கும். மடிப்புகள் அதன் பிறகே ஒவ்வொன்றாக விழுகின்றன. 34ஆம் வாரத்தில் மூளையின் எடை நிறைமாத எடையில் சுமார் 65 விழுக்காடு, அதாவது மூன்றில் ஒரு பங்கு கடைசி ஆறு வாரத்தில்தான் சேர்கிறது. மூளையின் நடுவில் நீர் நிரம்பிய அறைகள் உண்டு. அவற்றின் ஓரமாக, வால்கரு எனப்படும் நரம்பணுத் திரளின் மேல், களிபோல் மெத்தென்ற ஒரு திசு இருக்கிறது. அதுவே நரம்பணுக்களும் அவற்றுக்குத் துணையணுக்களும் பிறந்து மேல்நோக்கிப் புறப்படும் நாற்றங்கால். நாற்றங்காலுக்கு நீர் பாய்ச்சுவதுபோல் அதற்கு ஏராளமான இரத்த நுண்குழாய்கள், ஆனால் சுவர் மெலிந்தவை. 34ஆம் வாரத்தை ஒட்டி வேலை முடிந்து அது தானே வற்றிவிடும். அதற்கு முன் பிறந்த குழந்தையில், இரத்த அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் மூளைக்குப் போகும் ஓட்டத்தை ஒரே சீராக வைத்துக்கொள்ளும் ஆற்றல் முதிர்ந்திருக்காது. அழுத்தம் துள்ளும்போது அந்நுண்குழாய்கள் உடைகின்றன.

உடைவதைக் காணும் வழி, நுரையீரல் சிக்கல் ஓரளவு தீர்ந்த பிறகே வந்தது. 1963 ஆகஸ்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து 39 மணி நேரத்தில் இறந்தபோது, நுரையீரலைச் சுருங்கிவிடாமல் வைக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருளின் குறைவே காரணம் என்பதை மேரி எல்லன் ஏவரி கண்டறிந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன, மருந்துதான் இல்லை. அடுத்த பத்தாண்டில் வென்டிலேட்டர்கள் வந்தன, 1,500 கிராமுக்குக் கீழான குழந்தைகள் பிழைக்கத் தொடங்கின. 1978இல் நியூ மெக்சிகோவின் லூ-ஆன் பாப்பீல், அத்தகைய 46 குழந்தைகளை வரிசையாகச் சி.டி. ஸ்கேன் செய்தபோது 20 குழந்தைகளின் மூளையில் கசிவு இருந்தது. வெளியே அறிகுறி எதுவும் காட்டாதவையும் அவற்றுள் இருந்தன. நாற்றங்காலோடு நிற்பது, நீரறைக்குள் இறங்குவது, அறையை வீங்கவைப்பது, அறை தாண்டி மூளைப் பொருளுக்குள் பரவுவது என்று அவர் வகுத்த நான்கு படிகளே இன்றும் ‘மூன்றாம் கிரேடு’, ‘நான்காம் கிரேடு’ என்று தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பெற்றோர் காதில் விழுகின்றன.

சி.டி.க்குக் குழந்தையைத் தூக்கிச் செல்ல வேண்டும். ஆபத்தான குழந்தையை அசைக்கவே முடியாது. 1979 முதல் லண்டனில் தொடங்கிப் பரவிய முறை இதை மாற்றியது. தமிழ் வீட்டில் எண்ணெய் வைக்கும் பாட்டியின் விரல் கவனமாகத் தொட்டு விலகும் உச்சிக்குழியில், மண்டையோட்டுத் தகடுகள் இன்னும் கூடாத அந்த மெத்தென்ற இடத்தில், எலும்பின் தடை இல்லாததால் ஒலியலை தடையின்றி உள்ளே போய்த் திரும்பும். கட்டைவிரல் அளவுள்ள கருவிமுனையில் சிறிது களிம்பைத் தடவி, இன்குபேட்டரின் பக்கத் துளை வழியே கையை நுழைத்து உச்சிக்குழிமேல் மெல்ல வைத்துச் சாய்த்தால், திரையில் நீரறைகள் இரண்டு கரிய அரிவாள்களாகத் தெரிகின்றன. இரத்தம் கசிந்திருந்தால் அரிவாளின் ஓரத்தில் வெள்ளைப் பொட்டு. சில நிமிட வேலை. குழந்தையைப் புரட்ட வேண்டியதில்லை, கதிர்வீச்சு இல்லை, நாளைக்கும் பார்க்கலாம். பிணவறையின் அறிவு படுக்கையருகே வந்து சேர்ந்தது இந்தச் சன்னல் வழியாகத்தான். பெரும்பாலான கசிவுகள் பிறந்த முதல் மூன்று நாட்களுக்குள் நேர்கின்றன என்பதும் அதன் வழியே தெரிந்தது.

அதே சன்னலில் இன்னொரு தோற்றமும் வந்தது: பிறந்து இரண்டு மூன்று வாரம் கழித்து, நீரறைகளின் ஓரத்தில் தேன்கூடுபோல் சிறுசிறு கரிய ஓட்டைகள். விர்ஹோவும் பாரோவும் கண்ட வெளிறிய திட்டுகளின் பிற்கால வடிவம் இது. 1962இல் பெட்டி பேங்கரும், போர்-ரோயாலில் பணியாற்றிய ஜான்-குளோதி லாரோஷும் 51 குழந்தைகளின் மூளையை ஆராய்ந்து இதற்கு நீரறை ஓர வெண்பொருள் மென்மையாதல் என்று பொருள்படும் பெயரிட்டிருந்தனர். கால்களை அசைக்கும் நரம்பிழைகள் நீரறைக்கு மிக அருகே இறங்குவதால்தான் லிட்டிலின் குழந்தைகளுக்குக் கை தப்பிக் கால் விறைத்தது என்ற விளக்கம் நூறாண்டு கழித்து இவ்வாறு கிடைத்தது. பின்னர், நரம்பிழைகளுக்கு மயலின் என்ற கொழுப்புறையைப் போர்த்தவிருக்கும் இளநிலைத் துணையணுக்கள் 23 முதல் 32ஆம் வாரம் வரை மிகுதியாக இருப்பதும், ஆக்சிஜன் தட்டுப்பாட்டையும் தாயின் கருப்பைத் தொற்றால் எழும் அழற்சியையும் அவை தாங்கமாட்டாமல் மடிவதும் வளராமல் நின்றுவிடுவதும் அறியப்பட்டன. கருப்பைத் தொற்று முன்கூட்டிய பிரசவத்துக்கும் மூளைச் சேதத்துக்கும் ஒருங்கே காரணமாகலாம் என்னும்போது, ஃபிராய்டின் கேள்விக்கு ஒரு பாதி விடை கிடைத்தது எனலாம்.

மருந்துகளின் வரலாறு இவ்வளவு நேரானதன்று. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரஹம் லிக்கின்ஸ் ஆட்டுக்குட்டிகளில் கண்டதை வைத்து, 1972இல் ராஸ் ஹோவியோடு சேர்ந்து, முன்கூட்டிப் பிரசவிக்கவிருக்கும் தாய்க்கு இரண்டு ஊசி ஸ்டீராய்டு போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிர்வதைக் காட்டினார். அது மூளைக் கசிவையும் குறைப்பது பின்னர் உறுதியாயிற்று. இருந்தும் அது பரவலான வழக்கமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதே குடும்பத்து மருந்தைப் பிறந்த குழந்தைக்கே வாரக்கணக்கில் கொடுத்து வென்டிலேட்டரிலிருந்து விடுவிக்கும் வழக்கமோ, நீண்டகால விளைவை யாரும் பாராமலே 1990களில் பரவிவிட்டது. தைவானிலும் இஸ்ரேலிலும் அக்குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தபோது மூளை முடக்குவாதம் கூடியிருந்தது, 2002இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அதை வழக்கமாகக் கொடுக்கலாகாது என்றது. நல்லது தாமதித்தது, கெட்டது முந்திக்கொண்டது. மூச்சை நிறுத்திவிடும் குழந்தைக்குக் கொடுக்கும் காஃபின் மட்டும், பல ஆண்டு வழக்கத்துக்குப் பின் 2007இல் முறையாகச் சோதிக்கப்பட்டு, மூளை முடக்குவாதத்தையும் குறைப்பதாகத் தேறியது.

கசிவோ ஓட்டையோ இல்லாத குழந்தைகள் பலருக்கும் பள்ளி வயதில் கணக்கு, கவனம், கைத்திறன் ஆகியவற்றில் தடுமாற்றம் இருப்பது தெரியவந்ததும், தீவிர சிகிச்சைப் பிரிவின் ஓசையும் ஒளியும் ஊசிக்குத்தலும் ஆராய்ச்சிக்கு உள்ளாயின. பச்சிளங்குழந்தைக்கு வலி தெரியாது என்று கருதி, போதிய மயக்க மருந்தின்றியே அறுவை செய்யும் வழக்கம் 1980கள் வரை இருந்ததென்பது இன்று நம்பக் கடினமானது. ஆக்ஸ்ஃபோர்டில் கன்வல்ஜீத் ஆனந்த் 1987இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு முடிவுகட்டத் தொடங்கியது.

கொலம்பியாவின் போகோட்டாவில் 1978இல் எட்கர் ரே சனாப்ரியா தொடங்கியது வேறு தேவையிலிருந்து எழுந்தது. அவருடைய மகப்பேற்று மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் போதவில்லை, ஒரே பெட்டியில் பல குழந்தைகள் கிடந்து தொற்றில் இறந்தன. ஆகவே நிலைமை தேறிய குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டி, தாய்ப்பால் மட்டும் கொடுத்து அனுப்பினார். கங்காரு பராமரிப்பு என்று பெயர்பெற்ற அம்முறை, உலகில் ஆண்டுக்குச் சுமார் 1.34 கோடியும் இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 30 லட்சமும் குறைமாதக் குழந்தைகள் பிறக்கும் இக்காலத்தில், 2022 முதல் பிறந்தவுடனேயே தொடங்கவேண்டிய முறையாக உலகச் சுகாதார நிறுவனத்தால் பரிந்துரைக்கப்படுகிறது. புதேனின் தாய்மார் கூடத்துக்குள் திரும்பி வந்து சேர முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. போகோட்டாவில் 1990களில் சீட்டுக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக வளர்க்கப்பட்ட குழந்தைகளில் 264 பேரை நத்தலி ஷார்பாக் குழுவினர் இருபது வயதில் தேடிப்பிடித்துப் பரிசோதித்தனர். மார்பில் கட்டி வளர்க்கப்பட்டவர்களிடம் முரட்டுத்தனமும் பதற்றத் துள்ளலும் குறைந்திருந்தன. அறிவுத்திறன் அளவில் ஆதாயம் மிகச் சிறியது, அதுவும் பிறப்பில் மிக நலிந்திருந்தவர்களிடம் மட்டும். எம்.ஆர்.ஐ. படத்தில் அவர்களுடைய இடப்பக்க வால்கரு, நாற்றங்கால் படிந்திருக்கும் அதே திரள், மற்றவர்களுடையதைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தது.